பெரும் எடை இழப்புக்குப் பிந்திய தோல் சீரமைப்பு: உடலும் மனமும் தேறும் காலம்

ஐம்பது கிலோகிராமோ அதற்கு மேலோ எடை குறைந்த ஒருவரின் உடலில் கொழுப்பு கரைந்த அளவுக்குத் தோல் சுருங்குவதில்லை. தோலின் உட்படையில் கொலாஜன், எலாஸ்ற்றின் என்னும் இரு வகை நார்கள் உள்ளன. முதலாவது தோலுக்கு உறுதியைத் தருகிறது; இரண்டாவது, இழுபட்ட தோலைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. பல ஆண்டுகளாகப் பெருத்த உடலைச் சுற்றி இழுபட்டிருந்த தோலில் இந்த நார்கள் நலிந்தும் அறுந்தும் போயிருப்பதால், உள்ளிருந்த கொழுப்பு வற்றிய பின்னர் அந்தத் தோல் வயிற்றிலும் தொடையிலும் மேற்கையிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. உடற்பயிற்சி தசையை வளர்க்குமே தவிர இந்தத் தோலை இறுக்காது. எண்ணெய் பூசி உருவுவதாலும் அது நடப்பதில்லை.

இதனை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குபவர்கள் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பகுதியின் சித்திரை, வைகாசி வெக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்று மடிப்பின் கீழே வியர்வை தேங்கி, தோல் உரசிச் சிவந்து, பங்கசுத் தொற்று ஏற்பட்டு, மருந்து பூசி ஆறிய பின்னர் மீண்டும் அதே இடம் புண்ணாகிறது. வயலில் குனிந்து நிற்பதும் துவிச்சக்கரவண்டி ஓட்டுவதும் கடினமாகின்றன. நடக்கும்போது தொடைகள் உரசுகின்றன. முன்புறப் பாரம் முதுகை இழுக்கிறது. பெரும் முயற்சியால் எடையைக் குறைத்த ஒருவர், தம் முயற்சியின் பயனைத் தாமே காண முடியாமல் மேலும் மேலும் துணியால் மூடிக்கொண்டு திரிகிறார்.

இந்தத் தோலை வெட்டி அகற்றி, எஞ்சியதை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சைகளையே உடல்வடிவச் சீரமைப்பு என்கிறோம். வயிற்றில் செய்யும்போது தொங்கும் தோலை அகற்றுவதோடு, விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவே சேர்த்துத் தைப்பதும் உண்டு. இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டி, முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒருங்கே உயர்த்தும் முறையும் உண்டு. மேற்கை, உட்தொடை, மார்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி முறைகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது ஆபத்தை மிகுவிக்கும் என்பதால், இடையே குறைந்தது மூன்று மாதங்களாவது விட்டுக் கட்டம் கட்டமாகச் செய்வதே வழக்கம். இது எடையைக் குறைக்கும் சிகிச்சை அன்று. குறைந்த எடை நிலைத்த பின்னர் செய்யப்படுவது.

சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதிலிருந்து தேறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அந்த ஓராண்டில் உடல் ஒரு வேகத்திலும் மனம் வேறொரு வேகத்திலும் தேறும் என்பதை முன்கூட்டியே அறிந்திராதவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இக்கட்டுரை சத்திரசிகிச்சையைப் பற்றிக் குறைவாகவும், அதன் பின்னர் வரும் மாதங்களைப் பற்றி விரிவாகவும் பேசுகிறது.

தேறுதல் தொடங்கும் இடம்

தேறுதல் சத்திரசிகிச்சை மேசையிலிருந்து இறங்கிய பின்னர் தொடங்குவதன்று. பல மாதங்களுக்கு முன்னரே தொடங்குகிறது. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையால் எடை குறைந்தவராயின், அதன் பின்னர் 12 முதல் 18 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். எவ்வழியில் குறைந்திருந்தாலும், எடை கூடாமலும் குறையாமலும் மூன்று முதல் ஆறு மாதங்களாவது நின்றிருக்க வேண்டும். இன்னும் பிள்ளை பெற விரும்பும் பெண்கள், இயன்றால் அதன் பின்னரே வயிற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்வது நல்லது. ஏனெனில் சேர்த்துத் தைத்த தசை கர்ப்பகாலத்தில் மீண்டும் விலகக்கூடும்.

இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. பெருமளவு எடை குறைந்தவர்களிடம், குறிப்பாக இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம், இரும்புச்சத்து, உயிர்ச்சத்து பி12, உயிர்ச்சத்து டி, போலேற்று, நாகம் (சிங்க்) ஆகியவை குறைந்திருப்பது பொதுவானது. இரத்தச்சோகையுடன் சத்திரசிகிச்சைக்குச் செல்பவரின் காயம் தாமதித்தே ஆறும். நீரிழிவு உள்ளவர் இரத்தத்திலுள்ள சீனியின் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே செல்ல வேண்டும்.

புகைத்தலைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்தி, பின்னரும் நான்கு வாரங்களாவது விலக்கியிருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். எங்கள் ஊர்களில் இந்த அறிவுரையைக் கேட்கும் ஒரு பெண், தாம் பீடியோ சிகரெட்டோ தொடுவதில்லை என்பதால் அது தமக்குரியதன்று என்று எண்ணிவிடக்கூடும். வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையிலும் இருப்பது அதே நிக்கொட்டின்தான். அது நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெட்டி இழுத்துத் தைத்த தோலின் ஓரத்துக்கு இரத்தம் செல்வதைத் தடுக்கிறது. அவ்வாறு இரத்தம் செல்லாத தோல் கறுத்து இறந்துபோகும். ஆகவே வெற்றிலைத் தட்டத்தையும் அந்த வாரங்களில் எட்டவே வைத்திருக்க வேண்டும்.

வன்னியைச் சேர்ந்தவர்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் மறவாமல் கூற வேண்டிய வேறொன்றும் உண்டு. உடலில் பழைய காயத் தழும்புகள் இருப்பின் அவற்றைக் காட்ட வேண்டும். போர்க்கால எறிகணைத் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ உள்ளே தங்கியிருப்பின் அதனைச் சொல்ல வேண்டும். மேல் வயிற்றில் குறுக்கே ஓடும் ஒரு பழைய தழும்பு, கீழே இழுத்துத் தைக்கப்படவுள்ள தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை ஏற்கெனவே துண்டித்திருக்கலாம். அது தெரிந்தால் நிபுணர் வெட்டும் கோட்டை வேறு விதமாக அமைப்பார். ‘அது பழைய கதை’ என்று மறைத்துவிடக் கூடாது.

வீடும் பயணமும்

இவ்வகைச் சத்திரசிகிச்சையைச் செய்யும் நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருப்பதால், வன்னியிலிருந்து செல்பவர் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ, சில வேளைகளில் சென்னைக்கோ செல்ல நேர்கிறது. கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள தூரம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பின்னரான வாரங்களில் காலின் ஆழ்ந்த நாளங்களில் இரத்தம் உறைவதே மிகப் பெரிய ஆபத்து. அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிரே போகலாம். மடக்கிய கால்களுடன் பல மணித்தியாலங்கள் அசையாமல் இருப்பது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஆகவே முதலாவது மீள்பரிசோதனை முடியும்வரை வைத்தியசாலைக்கு அண்மையில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவது விவேகமானது. திரும்பும்போது வாகனத்தை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கிச் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியது. இரத்தம் உறையாதிருக்க வயிற்றுத் தோலின் கீழ் ஏற்றும் ஊசி தரப்பட்டிருப்பின், வீடு வந்த பின்னரும் சொல்லப்பட்ட நாள்வரை அதனைத் தொடர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கு சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் உறவினர்கள், திரும்பும் விமானச் சீட்டைப் பல வாரங்கள் தள்ளிப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

வீட்டைப் பற்றிக் கொழும்பு வைத்தியர் கேட்க மாட்டார். ஆகவே நாங்களே யோசிக்க வேண்டும். விசுவமடுவில் மேட்டுநிலப் பயிர் செய்யும், 118 கிலோகிராமிலிருந்து 66 கிலோகிராமுக்கு இறங்கிய, வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்காட்டுக்காக எண்ணிக்கொள்வோம். அவர் பாயில் படுத்தெழும் பழக்கமுடையவராயின் இப்போது கட்டில் வேண்டும். நிலத்திலிருந்து எழுவது தைத்த வயிற்றுத் தசையை நேரடியாக இழுக்கும். முதுகுக்கும் முழங்காலின் கீழும் தலையணை வைத்து, இடுப்பு சற்று மடிந்த நிலையில் படுக்க வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடம் முதல் வாரங்களில் பெரும் இடையூறு. உட்தொடையில் சத்திரசிகிச்சை செய்தவருக்கோ அது காயத்தைப் பிரித்துவிடவும் கூடும். கொமோட் கதிரை ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் வாளியால் தண்ணீர் அள்ளுவதை ஆறு வாரங்களுக்கு வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும்: பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோகிராம், அவருக்கு அனுமதிக்கப்படுவதோ நான்கு ஐந்து கிலோகிராமுக்கு உட்பட்ட பாரம் மட்டுமே. பாவாடைக் கயிறும் சாரத்தின் முடிச்சும் சரியாகத் தழும்பின் மேலேயே அழுத்தும் என்பதால், ஆண் பெண் இருபாலாருக்கும் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும் உடுப்பே வசதி.

காலத்தையும் தெரிவு செய்யலாம். பெரும்போக அறுவடை நெருங்கும் வேளையில் வீட்டில் உதவிக்கு ஆளிருக்காது. கடும் வெயில் மாதங்களில், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் உள்ளே அணியச் சொல்லும் இறுக்க உடுப்பைத் தாங்குவது கடினம். விதைப்பு முடிந்து மழை பெய்யும் வாரங்கள் குளிர்ச்சியானவை, ஆனால் சேற்றுப் பாதையில் வழுக்கி விழும் அபாயம் உண்டு. குறையற்ற மாதம் எதுவுமில்லை. உதவிக்கு ஆள் கிடைக்கும் மாதத்தையே நான் முதலில் வைப்பேன்.

முதல் இரண்டு வாரங்கள்

சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ தாதியர் எழுப்பி நடக்கச் சொல்வார்கள். இரத்தம் உறைவதைத் தடுப்பதற்கு அந்தச் சிறு நடை மிக முக்கியமானது. ஆனால் வயிற்றுத் தோல் இறுகத் தைக்கப்பட்டிருப்பதால் ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ நிமிர்ந்து நடக்க முடியாது. முதியவரைப் போலக் கூனியே நடக்க வேண்டும். கூனல் நிலைத்துவிடுமோ என்று அஞ்சி வலிந்து நிமிரக் கூடாது.

தோலின் கீழே கசியும் நீரை வெளியேற்ற மெல்லிய வடிகுழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் குடுவையிலுள்ள அளவையும் நிறத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். முதலில் சிவப்பாகவும் பின்னர் இளஞ்சிவப்பாகவும் முடிவில் வைக்கோல் நிறமாகவும் மாறுவது இயல்பு. 24 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்குக் கீழே குறைந்த பின்னரே குழாயை எடுப்பார்கள்; அதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் செல்லலாம். குழாயை எடுத்த பின்னரும் தோலின் கீழே நீர் தேங்கித் தளும்புவது பெருமளவு எடை குறைந்தவர்களில் அடிக்கடி நிகழ்வது. கிளினிக்கில் ஊசியால் அதனை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு அது பல தடவை தேவைப்படும். வீட்டில் யாரும் அமத்திப் பார்க்கவோ குத்திப் பார்க்கவோ கூடாது.

நோவைத் தாங்கிக்கொண்டு கிடப்பது வீரமன்று. நோவினால் ஆழ்ந்து மூச்செடுக்காமலும் நடக்காமலும் இருப்பவருக்கே சளித் தொற்றும் இரத்த உறைவும் ஏற்படுகின்றன. தரப்பட்ட குளிசைகளை நேரத்துக்கு எடுக்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். எடை குறைப்பதற்காக இரைப்பை மாற்றுவழிச் (பைபாஸ்) சத்திரசிகிச்சை செய்தவர்கள் டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற நோமாற்றிகளை உட்கொள்வது இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் புண்ணை உண்டாக்கலாம். சந்தியிலுள்ள மருந்துக் கடையில் ‘நோவுக்கு ஒரு குளிசை’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் அவர்களுக்குப் பெரும் கேடாக முடியும். வலுவான நோமாற்றிகள் மலச்சிக்கலையும் உண்டாக்கும். முக்குவதால் தைத்த வயிறு வலிக்கும். தண்ணீரும் பழமும் வைத்தியர் தரும் இளக்கியும் அதற்கு உதவும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காயம் உள்ளவருக்குக் கிரந்தி என்று எங்கள் பெரியவர்கள் கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு, அன்னாசி முதலியவற்றை விலக்குவார்கள். அவற்றைச் சில வாரங்கள் விலக்குவதால் இழப்பு ஒன்றுமில்லை. பெரியவர்களின் மனமும் அமைதியடையும். ஆனால் அந்தப் பட்டியலில் முட்டையும் மீனும் பருப்பும் சேர்ந்துகொண்டால், காயம் ஆறுவதற்கு வேண்டிய மூலப்பொருளே இல்லாது போகிறது. தோலும் தசையும் புரதத்தால் ஆனவை. தேறும் காலத்தில் நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம்வரை புரதம் வேண்டியிருக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும், சமைத்த பருப்பு 100 கிராமில் 8, 9 கிராமும் உள்ளன. சரக்கு அரைத்து வைக்கும் பத்திய மீன் கறி இந்த வகையில் அருமையான உணவு. அந்த மரபை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சிறிதாக்கப்பட்ட இரைப்பை உடையவர் முதலில் மீனையோ முட்டையையோ உண்டு, பின்னரே சோற்றைத் தொட வேண்டும். ஒரே வேளையில் இயலாததை ஐந்தாறு வேளையாகப் பிரிக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் உப்பினால் வீக்கத்தைக் கூட்டுவதால் குறைக்கப்பட வேண்டியவை.

38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம், தோலின் ஓரம் கறுத்தல், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலாக்கும் என்று வீட்டிலேயே இரண்டு நாள் பார்த்திருக்கக் கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கி நோவதும், மூச்சுத் திணறலும், நெஞ்சு நோவும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க முடியாத அறிகுறிகள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். சத்திரசிகிச்சை எங்கே நடந்திருந்தாலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது அண்மையிலுள்ளதோ அங்கே முதலில் செல்ல வேண்டும். என்ன சத்திரசிகிச்சை, எந்த நாளில், என்ன மருந்து என்று எழுதிய அட்டையை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆறு வாரமும் அதற்கு அப்பாலும்

மூன்றாவது வாரத்தில் பலருக்குத் தாம் முற்றாகத் தேறிவிட்டதாகத் தோன்றும். வெளியே காயம் மூடியிருக்கும், நோவும் குறைந்திருக்கும். உண்மையில் அப்போது காயத்துக்கு இருப்பது சாதாரணத் தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்களவே. மூன்று மாதங்களில் அது ஐந்தில் நான்கு பங்கை எட்டும். அதற்கு மேல் ஒருபோதும் கூடுவதில்லை. புதிதாக உயர்த்திய குளக்கட்டின் மேலே புல் முளைத்துவிட்டது என்பதற்காக யாரும் முதல் மழையிலேயே வான்பாயும் மட்டத்துக்கு நீரைத் தேக்குவதில்லை. ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது, மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்ற விதி இந்தக் காரணத்தால் வந்ததே. மோட்டார் சைக்கிளைத் தொடும் நாளை வைத்தியரே குறிக்க வேண்டும். மேடுபள்ளமான பாதையில் ஏற்படும் குலுக்கத்தையும், சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது வயிறு இறுகுவதையும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

இறுக்க உடுப்பை நான்கு முதல் ஆறு வாரங்கள்வரை, குளிக்கும் நேரம் தவிர, இரவும் பகலும் அணியச் சொல்வார்கள். வீக்கத்தைக் குறைப்பதும், தோல் உட்தசையுடன் ஒட்டுவதற்கு உதவுவதும் அதன் வேலை. எங்கள் வெக்கையில் அது பெரும் சோதனை. இரண்டு வாங்கி ஒன்றைத் துவைத்துப் போட வேண்டும். உள்ளே மடிப்பு விழாத மெல்லிய பருத்தித் துணி இருக்க வேண்டும். உடுப்பு மடிந்து ஓரிடத்தில் வெட்டுவது போல அழுத்தினால் தோல் பழுதாகும். உடனே தளர்த்திவிட்டு வைத்தியரிடம் கேட்க வேண்டும். காயம் முற்றாக மூடும்வரை குளத்திலோ கடலிலோ இறங்கவே கூடாது.

தொடையிடுக்கிலும் அக்குளிலும் தையல்கள் சந்திக்கும் இடங்களிலும் காயம் சிறிது வாய் திறப்பது பெருமளவு எடை குறைந்தவர்களில் அரிதன்று. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், பெரும்பாலானவை மருந்து கட்டுவதாலேயே சில வாரங்களில் ஆறிவிடும். வீக்கம் காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். மூன்று மாதத்தில் பெருமளவு வற்றினாலும், முடிவான வடிவத்தைக் காண ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் செல்லும். தழும்பு முதல் மாதங்களில் சிவந்து தடித்து, பின்னரே மெல்ல மங்கும். அதற்கு 12 முதல் 18 மாதங்கள்வரை ஆகலாம். கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் இயல்பு கூடுதலாக இருப்பதால், எங்கள் மக்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். காயம் மூடிய பின்னர் சிலிக்கன் பசையோ தகடோ பயன்படுத்துவது உதவும். கைத் தழும்புகளில் வெயில் படாமல் நீண்ட கைச்சட்டை அணிய வேண்டும்.

தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் தெரியாத மரத்த தன்மை பல மாதங்கள் நீடிக்கும். ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கலாம். நரம்புகள் மீண்டும் வளரும்போது திடீரென்று மின்சாரம் பாய்வது போன்ற சுள்ளென்ற உணர்வும் அரிப்பும் வரும். அவை நல்ல அறிகுறிகளே. ஆனால் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. அன்போடு கொடுக்கப்படும் சுடுதண்ணி ஒத்தடம் இந்த வயிற்றில் கொப்புளத்தையே தரும். அடுப்படியில் சூடான பானையை வயிற்றில் அணைத்துத் தூக்குவதும் அவ்வாறே.

மனம்

மூன்றாம் நாளுக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் பலருக்குக் காரணமின்றி அழுகை வரும். ஏன் இதனைச் செய்தேன் என்ற எண்ணம் எழும். மயக்க மருந்தின் களைப்பு, உறக்கமின்மை, நோமாற்றிகள், மலசலகூடத்துக்கும் ஒருவரின் தோள் வேண்டியிருக்கும் நிலை, வீங்கிக் குழாய்கள் தொங்கும் உடலைக் கண்ணாடியில் காணும் அதிர்ச்சி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. இது நன்றியின்மையும் அன்று, பலவீனமும் அன்று. இந்த நாட்களில் வீட்டார் சொல்லக்கூடாத ஒரு வசனம் உண்டு: “நீ ஆசைப்பட்டுத்தானே செய்தனீ, இப்ப ஏன் அழுகிறாய்?” ஆசைப்பட்டுச் செய்த ஒன்றுக்கும் நோவு உண்டு. முதல் சில வாரங்களுக்குத் தராசையும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. உடலில் தேங்கும் நீரினால் எடை கூடிக் காட்டும், அதைக் கண்டு உணவைக் குறைத்தால் காயம் பட்டினி கிடக்கும்.

உடல் மாறிய வேகத்தில் மனதிலுள்ள உடலின் உருவம் மாறுவதில்லை. விசுவமடுப் பெண் 66 கிலோகிராமில் நின்றாலும், ஒடுக்கமான வாசலில் இன்னும் பக்கவாட்டாகத் திரும்பியே நுழைவார். கடையில் பழைய அளவுச் சட்டையையே எடுப்பார். பிளாஸ்ரிக் கதிரையில் அமருமுன் அது தாங்குமோ என்று தயங்குவார். பல ஆண்டுகள் பழகிய தற்காப்பு அது. நாள்தோறும் சிறிது நேரம் கண்ணாடியில் பார்ப்பதும், தழும்புக்கு மருந்து பூசும்போது அந்த உடலைத் தம் கையாலேயே தொட்டுப் பழகுவதும் மனதுக்கு உடலை மீண்டும் அறிமுகப்படுத்துகின்றன. மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வைப்பவர்கள், நாளுக்கு நாள் தெரியாத மாற்றத்தை அதில் காண்பார்கள். தளர்ந்த தோலைக் கொடுத்து நீண்ட தழும்பைப் பெற்றுக்கொள்ளும் சிகிச்சை இது. அந்தத் தழும்பைக் கண்டு கலங்குவதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு.

வன்னியில் இந்தக் கலக்கத்துக்கு வேறொரு பாரமும் சேர்கிறது. 2009 வரை நீடித்த போரில் கையையும் காலையும் கண்ணையும் இழந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் வாழ்கிறார்கள். கால் இழந்த அண்ணன் பக்கத்து வீட்டில் இருக்க, தோலுக்காக நான் பணம் செலவழித்துப் படுத்துக் கிடக்கிறேனே என்ற குற்ற உணர்வு, அதிலும் அந்தப் பணம் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இரவும் பகலும் உழைக்கும் தம்பி அனுப்பியதாயின், மிகக் கனமாக அழுத்தும். ஒருவரின் துன்பம் மற்றொருவரின் துன்பத்தைப் பொய்யாக்குவதில்லை. மடிப்பில் புண் வராமல் வயலில் வேலை செய்ய விரும்புவது யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதன்று. பஞ்சும் மருந்தும் மணக்கும் விடுதியில் படுத்திருக்கும்போது பழைய நாட்களின் காட்சிகள் திரும்புவதும் உண்டு. முன்னர் அவ்வாறான நினைவுகளால் உறக்கம் கெட்டவர், சத்திரசிகிச்சைக்கு முன்னரே அதனை வைத்தியரிடம் கூறி, மனநல உதவிக்கும் வழி செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

மெலிவு என்பது எங்கள் பேச்சில் நல்ல சொல்லாக இருந்ததில்லை. “என்ன பிள்ளை, ஆள் உருக்குலைஞ்சு போனாய், சீனி வருத்தமோ?” என்று அக்கறையுடன் கேட்பவர்களே அதிகம். சத்திரசிகிச்சையை எல்லோருக்கும் விளக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. “வயிற்றில ஒரு ஒப்பரேசன், பாரம் தூக்கக் கூடாதாம்” என்பது உண்மையும் ஆகும், போதியதும் ஆகும். ஆனால் வீட்டுக்குள் ஒருவருக்காவது முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும். கணவன் மனைவிக்கிடையே, தொடுவதற்கு அஞ்சும் ஒருவரின் தயக்கத்தை மற்றவர் வெறுப்பாக எண்ணிவிடுவது எளிது. எப்போது உறவுகொள்ளலாம் என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்வார்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வு நீடித்தால், பசியும் உறக்கமும் முற்றாகப் போனால், சாவைப் பற்றிய எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அது பொறுத்துப் பார்க்கும் காரியமன்று. வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஓராண்டு முடியும் வேளையில், வெட்டுக்கோட்டின் இரு முனைகளிலும் சிறு சதைமடிப்பு எஞ்சியிருப்பதையோ, தழும்பு ஓரிடத்தில் தடித்திருப்பதையோ சிலர் காண்பார்கள். அதனைச் சிறு சத்திரசிகிச்சையால் திருத்த முடியும். வீக்கம் வற்றித் தழும்பு முதிர்ந்த பின்னரே அது தேவையா என்று தெரியும் என்பதால் நிபுணர்கள் அதற்குமுன் தொடுவதில்லை. கைக்கோ தொடைக்கோ அடுத்த கட்டத்தைச் செய்ய விரும்புபவர், முதல் தடவை செய்த இரத்தப் பரிசோதனைகளை மீண்டும் செய்து, எடை நிலைத்திருக்கிறதா என்று பார்த்து, இம்முறை கிணற்றடி வேலையை யார் ஏற்பார் என்பதையும் வீட்டாருடன் பேசித் தீர்த்துக்கொண்டு நாளைக் குறிக்கலாம்.